ரைட்டக்காவும் ஆறு நாற்காலிகளும்

பஸ் கிளம்ப மற்ற கண்டக்டர்கள் விசில் ஊதுவார்கள். அவள் ஊதமாட்டாள். பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போலாம், ரைட்டேய்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். ஜன்னலோரம் தூங்கி வழிகிற பெரியவர் திடுக்கிட்டு விழிப்பார், நிறுத்தத்தில் படுத்திருக்கிற நாய் ஒரு காதைத் தூக்கும், டிரைவர் கியரை மாற்றுவார். அதனால் அவளுக்கு ரைட்டக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நாற்பதைத் தாண்டிய வயது, தூண் மாதிரி உடம்பு, எதிலும் ஒரு அவசரம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே தடம்தான். ரயில் நிலையத்தில் ஆரம்பித்து சந்தை, ஆஸ்பத்திரி, நூலகம் என்று வளைந்து பாலத்தைத் தாண்டும். யார் எங்கே ஏறுவார்கள், யார் சில்லறையைப் பையில் வைத்துக்கொண்டே இல்லையென்பார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் நிற்கவிட மாட்டாள். "சார், அந்த சீட்டை உங்க தாத்தா எழுதி வச்சிட்டுப் போனாரா? கொஞ்சம் எழுந்திருங்க, அம்மா உட்காரட்டும்" என்பாள். எழுந்தவரும் சிரித்துக்கொண்டேதான் எழுவார். இப்படி ஊரையே உட்கார வைத்தவளுக்கு உட்கார வாய்த்ததில்லை. சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருக்கும்.

வீட்டிலும் உட்கார ஒழுங்கான இடம் கிடையாது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே மொட்டைமாடி. கூடத்தில் பாதியை ஒரு சாப்பாட்டு மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. தேக்கு, ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் நாற்காலி ஒன்றுகூட இல்லை. அதன்மேல் இஸ்திரிப்பெட்டி, மடிக்காத துணி, பழைய செய்தித்தாள், எப்போதோ நின்றுபோன கடிகாரம் என்று சகலமும் குடியிருந்தன. சாப்பாடு ஆளுக்கொரு மூலையில் நடந்தது. ரைட்டக்கா சமையல்கட்டு மேடையில் சாய்ந்து நின்றபடி சாப்பிடுவாள். அவள் கணவர் கட்டில் விளிம்பில். கணவருடைய அக்கா தையல் மெஷின் முன்னால் இருந்த முக்காலியில்.

கணவர் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். கோபப்படத் தெரியாத மனிதர். முடிவெடுக்கவும் தெரியாது. வீட்டுக்குள்ளேயே அவருக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கே அது தெரியும், வருத்தமுமில்லை.

மேஜை அவருடைய அக்காவினுடையது. புருஷன் இறந்தபிறகு அந்த அம்மாள் தன் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பியிடம் வந்தபோது, ஒரு தையல் மெஷின், ஒரு இரும்புப் பெட்டி, இந்த மேஜை, இவற்றோடு வந்து இறங்கினார். மேஜையோடு இருந்த நாற்காலிகளைக் கொழுந்தன்மார்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். வண்டி வாசலில் வந்து நின்றபோது ரைட்டக்கா வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். கால்வலி, பசி. "ஐயையோ, இவ்வளவு பெரிசை எங்கே போடறது?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். நாத்தனார் முகம் சுருங்கியது. அன்றைக்குப் பூட்டிய வாய் அவளிடம் திறக்கவேயில்லை. ரைட்டக்காவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. நாத்தனாரை 'அண்ணி' என்று கூப்பிட்டவள் அதையும் நிறுத்திக்கொண்டாள்.

ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. அதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை 'பார்க்கலாம்' தலையில் விழுந்தது.

"தம்பி, தண்ணி வந்துடுச்சுன்னு சொல்லு."

"ஏங்க, எனக்கும் காது இருக்குன்னு சொல்லுங்க."

அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, தானே போய்க் குடத்தை வைப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்காகச் சொன்னது போலிருக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், பஸ் போகிற வழியில் ஒரு பழைய தங்கும் விடுதியை இடித்தார்கள். ஜன்னல், கதவு, குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே போட்டார்கள். ஒருநாள் மதிலோரம் ஆறு நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடப்பதை ரைட்டக்கா பஸ்ஸிலிருந்து பார்த்தாள். மெல்லிய கால்கள், முதுகில் வளைந்த மூன்று சட்டங்கள், உட்காருமிடத்தில் கிழிந்து தொங்குகிற மெத்தை. போகும்போது பார்த்தாள், வரும்போதும் பார்த்தாள். மூன்றாம் தடவை அந்த இடம் வருவதற்குள் கழுத்து தானாகவே திரும்பியது. மதியம் கூட்டமில்லாத நடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

இடிக்கிற வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, "இதுவா? இன்னிக்கே எடுத்துட்டுப் போறதுன்னா சும்மாவே எடுத்துக்கோங்க. நாளைக்குக் காலையில அடுப்புக்கு அள்ளிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. மாசக் கடைசி. வண்டி வைத்து எடுத்துப் போகக் கையில் காசில்லை. திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தாள். டிரைவர் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பல வருஷம் அவளோடு வண்டி ஓட்டியவர். அவள் வாயைத் திறக்குமுன்பே, "வேணாம் ரைட்டக்கா" என்றார்.

"அண்ணே, பின்னாடி காலியாத்தானே கிடக்கு."

"செக்கிங் வந்தா நான் என்ன சொல்றது?"

"நாற்காலின்னு சொல்லுங்க."

பஸ்ஸில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கும் இதைவிடப் பெரிய வேடிக்கை அன்றைக்குக் கிடைக்கவில்லை. யாரும் கூப்பிடாமலே இறங்கினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒன்றைத் தூக்கினாள், சந்தைக்குப் போகிற பூண்டு வியாபாரி இரண்டைத் தூக்கினார். ஏற்றும்போதே ஒன்றின் கால் கழன்று கையோடு வந்தது. "இதையும் சேர்த்துத்தான் எண்ணணும்" என்று பூண்டு வியாபாரி காலை அவளிடம் மரியாதையாக நீட்டினார்.

நூலகத்து நிறுத்தத்தில், யாருக்குப் பயந்தார்களோ அவரே ஏறினார். கறாரான பரிசோதகர். நடைபாதையில் நிற்கிற நாற்காலிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"லக்கேஜ் சார்."

"யாருது?"

"என்னுதுதான் சார்."

"டிக்கெட்?"

ரைட்டக்கா தோல்பையைத் திறந்தாள். சுமைக்கான சீட்டை ஆறு கிழித்தாள். தன் கைப்பையிலிருந்து காசெடுத்துத் தோல்பைக்குள் போட்டாள். சீட்டுகளை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு, "சில்லறை சரியா கொடுத்ததுக்கு ரொம்ப நன்றிம்மா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ்ஸே அதிர்ந்தது. பரிசோதகர் சிரிக்கக்கூடாது என்று முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கும்போது, "இனிமே வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவரும் அவளுமாக வேலை முடிந்து நாற்காலிகளை மாடியிலிருந்த வீட்டுக்கு ஏற்றினபோது நாத்தனார் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுக்கிற வேலை. மெஷின் நின்றது.

"தம்பி, குப்பைமேடு எப்போ நம்ம வீட்டுக்கு மாறுச்சுன்னு கேளு."

"ஏங்க, நாற்காலி எனக்குன்னு சொல்லுங்க. என் காலுக்கு."

'பார்க்கலாம்' நாற்காலிகளைச் சுற்றி வந்தார். ஒன்றைத் தொட்டார், அது ஆடியது. கையை எடுத்துக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் தெருமுனைத் தச்சர் வந்து பார்த்தார். அவர் கேட்ட கூலிக்கு ஆறு புது பிளாஸ்டிக் நாற்காலியே வாங்கி, மிச்சத்தில் ஒரு மின்விசிறியும் வாங்கலாம். "மரம் நல்ல மரம்தான். ஆனா மூட்டு பூரா செத்துப் போச்சு. பிரிச்சுச் சேர்க்கணும், அதான் வேலை" என்றார். அவர் சொன்னதில் 'மரம் நல்ல மரம்' என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. கொஞ்சம் பசை, கொஞ்சம் உப்புத்தாள், நம்ம கை. இதற்குப் போய் ஒரு ஆளா?

இருப்பதில் கெட்டியான நாற்காலியை எடுத்தாள். ஆடுகிற மூட்டிலெல்லாம் பசையைப் பிழிந்தாள், அழுத்தினாள், ஒரு ராத்திரி காயவிட்டாள். காலையில் அசைத்துப் பார்த்தாள், மலை மாதிரி நின்றது. செய்தித்தாளும் டீயுமாக வந்த கணவரை, "உட்காருங்க, நீங்கதான் முதல்ல" என்று உபசாரம் செய்தாள். அவரும் பெருமையாக உட்கார்ந்தார், கால்மேல் கால் போட்டார். தலைப்புச் செய்தியை முடித்திருக்கமாட்டார். படார் என்று ஒரு சத்தம். நான்கு காலும் நான்கு திசைக்குப் போயின. அவர் தரையில் இருந்தார். டீ மட்டும் சிந்தாமல் கையில் இருந்தது.

அப்போது தையல் மெஷின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் போலிருந்தது. பிறகுதான் தெரிந்தது, நாத்தனார் சிரிக்கிறார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரே அதை உணர்ந்து சட்டென்று மெஷினை மிதித்தார், சிரிப்பு அந்தக் கடகடப்பில் அமுங்கிப் போனது. ரைட்டக்கா தரையில் கிடந்த கணவரை மறந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நல்ல சகுனம் அதிகம் நீடிக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் நாத்தனார் ஒரு வெள்ளைத் தலையணை உறையை விரல் நுனியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் நடுவில் ஒரு மூட்டைப்பூச்சி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

"தம்பி! ஆஸ்பத்திரிக்குப் போற துணிடா இது! இனிமே ஒண்ணு அந்த நாற்காலி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு சொல்லு!"

நியாயம் அந்தப் பக்கம் இருந்தது. ரைட்டக்கா ஆறையும் அன்றைக்கே மொட்டைமாடிக்குத் தூக்கினாள். கிழிந்த மெத்தைகளைப் பிய்த்து எரித்தாள். அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்கவைத்து இடுக்கிலெல்லாம் ஊற்றினாள், உச்சி வெயிலில் போட்டாள். தலையணை உறைகளையும் வாங்கி வெந்நீரில் அலசி உலர்த்தி, மெஷின் பக்கத்தில் அடுக்கி வைத்தாள்.

கைப்பேசியில் ஒரு படம் பார்த்தாள். தாடிக்காரர் ஒருவர் அவளுக்குப் புரியாத பாஷையில் நாற்காலி பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தார். பேச்சு புரியாவிட்டால் என்ன, கை பேசியது. பழைய பசையின்மேல் புதுப் பசை ஒட்டாது என்று அவர் சுரண்டிக் காட்டியதிலிருந்து தெரிந்தது. சூடான வினிகரைத் துணியில் நனைத்து மூட்டில் சுற்றினால் பழைய பசை இளகிவிடும். பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டினால், சட்டத்தின் முளை காலின் துளையிலிருந்து நோகாமல் கழன்றுவரும். ரப்பர் சுத்தியல் இல்லை. சாதாரணச் சுத்தியலுக்கு ரப்பர் செருப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டாள்.

விடுமுறை நாளில் உட்கார்ந்தாள். வேலை அவ்வளவு நன்றாக வந்தது. முதல் நாற்காலி கழன்றது, இரண்டாவது கழன்றது. அவளுடைய அவசரம்தான் தெரியுமே. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவோம் என்று தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் ஆறையும் பிரித்துப் போட்டுவிட்டாள். மாடி முழுக்கக் காலும் சட்டமும் முதுகுமாகக் கிடந்தன. எது எதனுடையது என்று ஒன்றிலும் குறி போடவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதானே என்று நினைத்து ஒரு காலையும் ஒரு சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தாள். நுழையவில்லை. இன்னொன்று நுழைந்தது, ஆனால் ஆடியது. கையால் செய்த நாற்காலிகள், ஒவ்வொன்றின் துளையும் ஒவ்வொரு அளவு. இருட்டும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில் கையிலிருந்த காலை வீசிவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"விறகாச்சு" என்றாள். சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள், அள்ளி மூட்டை கட்டிவிடலாம் என்று சாக்கோடு மாடிக்குப் போனாள். அங்கே மரக்குவியல் இல்லை. சுவரோரமாக ஆறு கட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிறத் துணி நாடாவால் கட்டியிருந்தது. மூட்டுக்கு மூட்டு தையல்காரச் சுண்ணக்கட்டியால் குறி, இரண்டு கோடு போட்ட முளைக்கு இரண்டு கோடு போட்ட துளை. ரைட்டக்கா ஒரு கட்டை அவிழ்த்துச் சேர்த்துப் பார்த்தாள். முளை துளைக்குள் போய்ச் சுகமாக உட்கார்ந்தது.

கீழே வந்தாள். நாத்தனார் மெஷினில் குனிந்திருந்தார். தலை நிமிரவில்லை. அன்றைக்கு ரைட்டக்கா டீ போட்டபோது நாத்தனார் டம்ளரில் மட்டும் சர்க்கரை தாராளமாக விழுந்தது.

அதற்குப்பிறகு இரண்டு பேரும் பேசாமலே சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். பகலில் ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி. இவள் பழைய பசையைச் சுரண்டிப் பாதியில் விட்டுப்போனால், வரும்போது மீதி சுரண்டியிருக்கும். ஒட்டின மூட்டை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவியெல்லாம் வாங்க வழியில்லை. டிரைவர், பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட சைக்கிள் டியூபுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினால் பாம்பு சுற்றின மாதிரி பிடிக்கும். ஒரு மூட்டு கோணலாகப் போயிருந்தால் காலையில் அவிழ்த்து நேராகச் சுற்றி வைத்திருக்கும். சுற்றின விதத்திலேயே யார் கை என்று தெரியும். ரைட்டக்கா சுற்றினால் சண்டைக்காரனைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். நாத்தனார் சுற்றினால் கட்டுப்போட்ட கை மாதிரி ஒழுங்காக இருக்கும். 'பார்க்கலாம்' இதையெல்லாம் கவனித்தும் கவனிக்காதவர் போல இருந்தார். தூது போகிற வேலை குறைந்ததில் அவருக்கு இரண்டு கிலோ எடைகூட ஏறியிருந்தது.

சண்டை நிறத்தில் வந்தது.

ரைட்டக்காவுக்குச் சிவப்பு பிடிக்கும். டிப்போவில் கதவுக்கு அடிக்கிற சிவப்பில் டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. பெயிண்டர் தூக்கி எறியப்போனதைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒட்டி முடித்த முதல் நாற்காலிக்கு ஆசையாக இரண்டு பூச்சு அடித்தாள். மாடியே பளீரென்றிருந்தது. மறுநாள் வந்து பார்த்தால் சிவப்பு இல்லை. நாற்காலி முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இழைத்து, வெறும் மரமாக நிற்கிறது. தரையெல்லாம் சிவப்புத் தூள்.

அவள் ஒரே மூச்சில் படியிறங்கினாள். கணவரைத் தேடவில்லை.

"அண்ணி! யாரைக் கேட்டு அதைச் சுரண்டினீங்க?"

மெஷின் நின்றது. நாத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ யாரைக் கேட்டு அடிச்சே? அந்த மரத்துல ஓடற கோட்டைப் பார்த்தியா? அதுக்கு மேல போய் தீயணைப்பு வண்டி மாதிரி பூசி வச்சிருக்கே!"

"என் நாற்காலி, நான் பூசுவேன்!"

"என் மேஜைக்குப் பக்கத்துல அது நிக்க வேணாம்!"

"ஆமா, உங்க மேஜை! அதை வச்சுக்கிட்டுத்தானே இத்தனை வருஷமா என்கிட்ட முகத்தைத் திருப்பிட்டு இருக்கீங்க!"

"நீதானே கேட்டே, எங்கே போடறதுன்னு!"

"மேஜையைத்தானே கேட்டேன்? உங்களையா கேட்டேன்?"

"மேஜையோட நானும்தானே வாசல்ல நின்னேன்!"

கத்திச் சொன்ன நாத்தனார் சட்டென்று நிறுத்திவிட்டார். குரல் இறங்கியது. "இருந்த நாற்காலியெல்லாம் ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போனாங்க. மேஜை வாசல்ல நுழையாதுன்னு விட்டுட்டாங்க. இங்கேயும் நுழையாதோன்னு வண்டியில வரும்போதெல்லாம் பயந்துட்டே வந்தேன். நீ வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வியே அதுதான்."

ரைட்டக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எனக்கு கால் வலி அண்ணி. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே மனசுல இல்லை. கால் வலிக்கும்போது யார் வந்தாலும் நான் அப்படித்தான் பேசுவேன். உங்க தம்பியைக் கேளுங்க, அவர் வாங்காத திட்டா?"

நாத்தனார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "கால் வலிக்குதுன்னு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

வேலையிலிருந்து வந்த 'பார்க்கலாம்', இருவரும் நேருக்கு நேர் பேசுவதைக் கண்டு, தவறான வீட்டுக்குள் நுழைந்தவர் போல வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ளே வாடா, மழைக்கா ஒதுங்கி நிக்கறே?" என்றார் அக்கா. "தண்ணி கொண்டாங்க, தொண்டை காஞ்சு போச்சு" என்றாள் மனைவி. அவர் இரண்டு டம்ளரில் கொண்டுவந்தார்.

நிறத்துக்கு ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஐந்து நாற்காலி மரநிறத்தில். ஒன்று மட்டும் சிவப்பு. அது ரைட்டக்காவுக்கு, யாரும் கைவைக்கக் கூடாது.

பாலிஷ் நாத்தனார் பொறுப்பு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தார். தச்சர் கொடுத்த யோசனைதான், யோசனைக்கு அவர் கூலி கேட்கவில்லை. மறுநாள் மறுபடியும் தேய்த்தார். மரத்துக்குள்ளிருந்து தேன்நிறம் மெல்ல மேலே வந்தது. ரைட்டக்காவே ஒருநாள் தடவிப் பார்த்துவிட்டு, "தீயணைப்பு வண்டியைவிட இது கொஞ்சம் பரவாயில்லைதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

உட்காருமிடத்துக்குப் பலகையை அறுத்து, பழைய மெத்தை ஒன்றின் பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்து நிரப்பினார்கள். மேல்துணிதான் இல்லை. கடையில் விசாரித்தால் விலை கேட்டே வயிறு நிறைந்தது. ஒருநாள் நாத்தனார் இரும்புப் பெட்டியைத் திறந்து, கனத்த பச்சைத் துணி ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார். மெல்லிய மஞ்சள் கோடு போட்டது. அவருடைய பழைய வீட்டு ஜன்னல் திரைச்சீலை.

ரைட்டக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். "இதையா? வெட்ட மனசு வருதா அண்ணி?"

"பின்னே, பெட்டிக்குள்ள எலிக்கா வச்சிருக்கேன்? அந்த முனையைப் பிடி."

கத்தரிக்கோல் தயங்காமல் ஓடியது. ஐந்துக்குத் துணி சரியாக வந்தது. சிவப்பு நாற்காலிக்கு டிப்போவில் சீட் தைக்கிறவர் கொடுத்த கருப்பு ரெக்சின் துண்டு. பஸ் சீட்டும் அதுவும் ஒரே ஜாதி.

மேஜையைக் காலி செய்வதே ஒருநாள் வேலையாக இருந்தது. இஸ்திரிப்பெட்டிக்கு அலமாரி கிடைத்தது, செய்தித்தாள் எடைக்குப் போனது. ஞாயிறு மதியம் டிரைவரையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர், ஆறு நாற்காலி. மேஜை நிறையச் சாப்பாடு ஆவி பறந்தது. ஆனால் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் தரையில் விழுந்த கதை டிரைவருக்கும் தெரியும். அவருக்கோ லாரி டயரைத் தனியாகத் தூக்குகிற உடம்பு.

"நீங்க முதல்ல உட்காருங்க அண்ணே" என்றாள் ரைட்டக்கா.

"வீட்டுக்காரங்க உட்காரட்டும்."

"விருந்தாளிக்குத்தான் மரியாதை."

"மரியாதை போதும், எனக்கு இடுப்பு முக்கியம்" என்றார் டிரைவர்.

நாத்தனார் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியை இழுத்தார், 'சடக்' என்று உட்கார்ந்தார். எங்கோ ஒரு மூட்டு கீச் என்றது. வேறு சத்தமில்லை. நாத்தனார் முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், ஒரு ஆட்டு ஆட்டினார். "என் குறி தப்பாது. உட்காருங்க" என்றார். டிரைவர் மெதுவாக, முட்டைமேல் உட்காருகிற கோழி மாதிரி, தன்னை இறக்கினார். நாற்காலி தாங்கியது. அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து அவர் மனைவி சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது.

ரைட்டக்கா சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் மேஜைக்கடியில் நீட்டினாள். வழக்கமாக நின்றபடி நாலு வாயில் முடிக்கிறவள் அன்றைக்கு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, தட்டு காய்ந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் தனக்கே டிக்கெட் கொடுத்த கதையை நாத்தனார் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தத் தடவை மெஷினைத் தேடவில்லை.

டிரைவர் மனைவி வீட்டுக்குப் போகும்போது பச்சை மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுலயும் ரெண்டு உடைஞ்சு கிடக்குக்கா" என்றாள். அந்த இரண்டும் வந்தன. அதைப் பார்த்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு சாய்வு நாற்காலி அனுப்பினாள். பூண்டு வியாபாரி, கடையில் உட்காருகிற முக்காலியைத் தானே தூக்கி வந்தார். ஆளுக்குத் தகுந்த கூலி, சிலருக்குக் கூலியே இல்லை. வருமானம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் விடுமுறை நாளில் மொட்டைமாடியில் சுத்தியலும் பேச்சும் ஓய்வதில்லை. பேச்சு என்றால் முக்கால்வாசி தகராறுதான். உப்புத்தாள் முதலில் முரடா, நைஸா? ஆணி பித்தளையா, இரும்பா? பேசாமல் கழித்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து வட்டியோடு பேசினார்கள். 'பார்க்கலாம்' சில சமயம் கைக்குட்டையைக் காதில் திணித்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார்.

போன மாதம், சலூன் கடையை மூடுகிற ஒருவர் தன் சுழல்நாற்காலியைக் கொடுத்தார். முடிவெட்டும்போது ஏற்றி இறக்குகிற இரும்பு நாற்காலி, ஆனைக்கனம். நாலு பேர் சேர்ந்து மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அதைச் சரிசெய்து கணவருக்குக் கொடுப்பது என்று இரண்டு பெண்களும் அவரைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறார்கள். சுற்றுகிறது, ஆனால் சுற்ற ஆரம்பித்தால் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்றுச் சாயங்காலம் நாத்தனார் அதில் ஏறி உட்கார, ரைட்டக்கா தள்ளிவிட, அவர் சுற்றிக்கொண்டே கத்தின கத்தல் தெருவுக்கே கேட்டது. எதிர் வீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்து பார்த்தார். அவரையும் ஒரு சுற்று சுற்றித்தான் அனுப்பினார்கள்.